திரையைப் படித்துச் சொன்னவன்

தன் வேலைக்கான கணினிக் கருவியின் புதிய பதிப்பை என் மனைவி நிறுவிய காலையில் நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் அவளுடைய கணினி பேசத் தொடங்கியது. கணினி பேசுவது எங்கள் வீட்டில் புதிதல்ல. திரையில் வரும் எழுத்துகளை ஆங்கிலத்தில் உரக்கப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருளை வைத்துத்தான் அவள் வேலை செய்துவந்தாள். அன்று அது ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது. ‘டுவெல்வ் பர்சென்ட், டுவெல்வ் பர்சென்ட், டுவெல்வ் பர்சென்ட்’ என்று மூச்சுவிடாமல் சொன்னது. பிறகு ‘தர்ட்டீன்’. பொங்கி வழிந்த பாலைத் துடைத்துவிட்டு நான் உள்ளே போனபோதும் அது இருபதைத் தாண்டியிருக்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“திரையில என்னங்க தெரியுது? சொல்லுங்க.”

பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு பம்பரம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பச்சை நிறப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டு வந்தது. பட்டையின் முனையில் சதவீதம். கண்டதைச் சொன்னேன்.

“அழகா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அதான். அழகு பண்ணிட்டாய்ங்க” என்றாள்.

கோடு ஒருமுறை சுற்றும்போதெல்லாம் அந்த வரி அழிந்து மறுபடி எழுதப்படுகிறது. கண்ணுள்ளவர்களுக்கு அது அசைவு. ஸ்க்ரீன் ரீடருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு புதிய வரி. ஆகவே படிக்கிறது. படித்துக்கொண்டே இருப்பதால், நடுவில் ஏதாவது பிழை வந்தால் அந்தப் பிழையின் வரி இந்தச் சத்தத்துக்குள் மூழ்கிப்போகிறது. இதை அவள் எனக்கு விளக்கியபோது குரலில் பதற்றம் இல்லை. காலைச் சிற்றுண்டியை மட்டும் சாப்பிடவில்லை.

அந்தக் கருவி, கோப்புகளை ஒரு கணினியிலிருந்து தூரத்தில் இருக்கும் வேறொரு கணினிக்கு அனுப்பிவைப்பது. அதற்குச் சுட்டியும் படமும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும்; அது எழுத்திலேயே பதில் சொல்லும். ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரல் முழுவதும் எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கிறது. பெங்களூரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் இருந்தபடியே, வாடிக்கையாளர்களின் கோப்புகளை அந்தக் கருவியால் அனுப்புவதும் தவறினால் சரிசெய்வதும் அவள் வேலை. எழுத்தாக இருப்பது எதுவும் தனக்குப் போதும் என்பாள். அந்த வேலை அவளுக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது.

அவளுக்குக் கண்ணழுத்த நோய். முதலில் பார்வையின் ஓரங்கள் போயின. வாசலில் நிறுத்தியிருந்த என் வண்டியில் இடித்துக்கொண்டாள், நான்தான் வண்டியைக் குறுக்கே விட்டேன் என்று சண்டை போட்டாள். மதுரையில் பார்த்த மருத்துவர், போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். சொட்டு மருந்தை நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இருந்ததும் நிற்கவில்லை. இப்போது சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

நிறுவனத்துக்கு இது தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. முன்பு சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது, பார்வை குறையத் தொடங்கியதை அவளே போய் மேலாளரிடம் சொன்னாள். அவர் மிகவும் இனிமையாகப் பேசினார். நன்றாக ஓய்வெடுங்கள் என்றார். அந்த ஓய்வுக்கு முடிவே வரவில்லை. அதனால் இந்த வேலையில் சேர்ந்தபோது வாயைத் திறக்கவில்லை. கூட்டங்களில் கேமராவை அணைத்து வைத்து, நெட் ஸ்லோ என்பாள். வேலை ஒழுங்காக நடந்ததால் யாரும் துருவவில்லை.

புதிய பதிப்புக்கு எல்லாரும் மாறியாக வேண்டும், அடுத்த மாதத்திலிருந்து பழையது ஓடாது என்று நிறுவனத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அவள் தன்னால் ஆன வழிகளையெல்லாம் பார்த்தாள். ஸ்க்ரீன் ரீடரின் வாயை அடைத்துவைத்து, முடிந்திருக்கும் என்று தோன்றும் நேரத்தில் திறந்து பார்த்தாள். கருவி சொல்வதையெல்லாம் திரைக்கு விடாமல் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டும் பார்த்தாள். ஆனால் அந்தக் கருவி பாதியில் ‘தொடரட்டுமா’ என்று ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியும் கோப்புக்குள் போய்விடும். அது பதிலுக்குக் காத்திருக்க, இவள் முடிவுக்குக் காத்திருப்பாள்.

கடைசியில் வழி நான்தான். சின்ன வேலைகளைப் பழைய பதிப்பிலேயே ஓட்டினாள்; புதியதில்தான் செய்ய வேண்டும் என்று சொன்ன முக்கியமான வேலைகளை நான் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள். அலுவலகம் கிளம்புமுன்னும், வந்து முகம் கழுவியதும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவேன். “எழுபது. எண்பது. நின்னிருச்சு. சிவப்புல ஒரு வரி வந்திருக்கு.” “படிங்க.” படிப்பேன். நான் நில அளவைப் பிரிவில் வரைவாளன். புல எல்லைகளைக் கோடு பிசகாமல் தாளில் வரைவது என் வேலை. அவளுடைய திரையில் வந்த சொற்களில் பாதி எனக்குப் பொருள்படாது. ஆனால் உள்ளதை உள்ளபடி படிக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் அக்கா வந்தாள். அடுத்த தெருதான். வந்ததும் நேரே இவள் கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

“ஏ புள்ள, என்ன இப்பிடி வத்திப் போயிட்ட? நான் சொன்னது என்னாச்சு? வேளாங்கண்ணிக்குப் போயி வெள்ளியில ரெண்டு கண்ணு வாங்கிப் போடு. எத்தனை தடவ சொல்றது?”

“போட்டேன்ல மதினி, போன வருசம்.”

“ஒத்தக் கண்ணு நோகுதுன்னு போட்ட. இப்ப ரெண்டும்ல போச்சு.”

“அப்ப மாதா கணக்குல ஒண்ணு பாக்கி இருக்கும். கேட்டுப் பாருங்க.”

“வாயி மட்டும் கொறையல” என்று என்னைப் பார்த்தாள் அக்கா. “தம்பி, நீ ஏன்டா இவளை இன்னும் வேலைக்கு விடுற? உன் சம்பளம் பத்தாதா?”

நான் பதில் சொல்லுமுன் இவள் சொன்னாள்: “மதினி, வேலைய விட்டா நாள் முழுக்க உங்ககூடத்தான் பேசிட்டு இருக்கணும். பரவால்லையா?”

அக்கா சிரித்துவிட்டாள். இவளும் சிரித்தாள். ஆனால் அக்கா போனபின் கதவுப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சம்பளம் அல்ல விஷயம். அந்த வேலையில் இருக்கும்போது அவள் கண் தெரியாதவள் இல்லை. எதிர்முனையில் இருப்பவர்களுக்கு அவள் வேகமாக வேலை செய்கிற ஒருத்தி, அவ்வளவுதான். நாளின் மீதி நேரத்தில் யார் வந்தாலும் அவள் கன்னத்தைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

அன்று மாலை அவளே சொன்னாள். “ஏங்க, அந்தக் கருவிய நாமளே திருத்திரலாம்.”

“நாமளா?”

“நான் சொல்றேன், நீங்க அடிங்க. சுத்துற கோடும் பட்டையும் இல்லாம, ஆரம்பிச்சேன்னு ஒரு வரி, முடிஞ்சுச்சுன்னு ஒரு வரி. வேணுங்கிறவங்க அதை வாங்கிக்கிற மாதிரி ஒரு வசதி. அம்புட்டுதான்.”

திறந்திருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தி, ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பலாம். புல் ரிக்வெஸ்ட் என்று அதற்குப் பெயர். கருவியைப் பராமரிப்பவர் பார்த்துச் சரி என்றால் சேர்த்துக்கொள்வார். ஆனால் அவள் பெயரில் அனுப்ப முடியாது. அந்த நிரல் இருக்கும் இணையதளத்தில் அவளுடைய கணக்கை அவளுடைய குழுவினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே என் பெயரில் ஒரு கணக்கு திறந்தோம். அரசு அலுவலகத்தில் புலப்படம் வரைகிற நான் அப்படித்தான் ஓப்பன் சோர்ஸுக்குள் போனேன்.

நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் வேறு எதையும் நிறுவக்கூடாது. எங்கள் சொந்தக் கணினியோ திறந்து வருவதற்குள் காப்பி ஆறிவிடும். அதனால் கிளவுட்டில் ஒரு பணியிடம் எடுத்துக்கொண்டோம். இணைய உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும்; எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, வேண்டிய எல்லாக் கருவிகளும் ஏற்கெனவே நிறுவப்பட்டு, அந்தப் பக்கத்துக்குள் நமக்காக விழிக்கும். மாதத்துக்குக் கொஞ்ச நேரம் இலவசம். நாம் எதுவும் தட்டாமல் இருந்தால் அது தானே தூங்கிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்திய ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டில் எல்லாம் அணைந்தது. மாலையில் திறந்தபோது நான் பாதியில் விட்ட வரி, பாதியிலேயே, அப்படியே இருந்தது. எனக்கு அது பெரிய ஒழுங்காகத் தோன்றியது. அவளுக்கு அந்தப் பக்கம் உதவவில்லை. அங்கிருந்த எழுதுமிடத்தில் ஸ்க்ரீன் ரீடர் தடுமாறியது. எந்த வரியில் நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. எனவே என் கண், என் விரல், அவள் தலை.

நிரலின் அடைப்புக்குறிகளுக்கு எங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டோம். வளைந்தது பிறை. சதுரம் பெட்டி. இரண்டு பக்கமும் நெளிந்தது மீசை. “மீசை தொற. அடுத்த வரி. நாலு எடம் உள்ள தள்ளு. இஃப், பிறை தொற…” அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிச் சொல்வாள். கண்ணை ஏன் மூடுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். “யோசிக்கிறப்ப எல்லாரும் மூடுறதுதான்” என்றாள். நான் எழுதியதை அவளுக்குத் திரும்பப் படித்துக்காட்டுவேன். மீசை மூடாமல் விட்டிருந்தால் படிக்கும்போதே பிடித்துவிடுவாள். தெருவில் குழாயில் தண்ணீர் விடும் நாட்களில் குடங்களின் சத்தத்துக்கு மேல் மீசையும் பிறையும் கத்திக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டம்மா, என்ன சார் வீட்டில் தினம் மீசைப் பேச்சு என்று கேட்டுவிட்டார்.

திருத்தம் ஓடியது. சோதனைகள் எல்லாம் தேறின; எங்கள் சொந்தக் கணினியில் ஓடவிட்டு அவளும் காதால் கேட்டுச் சரிபார்த்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அந்தக் கோப்பை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தேன். பலர் கைபட்ட நிரல். ஒரு இடத்தில் நான்கு இடைவெளி, ஒரு இடத்தில் மூன்று. சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கவில்லை. வரைபடத்தில் இப்படி இருந்தால் எங்கள் அலுவலகத்தில் தாளைத் திருப்பி எறிவார்கள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேர்செய்தேன். கோப்பு முழுவதும் கோடு போட்டதுபோல் வந்தது. மனத்துக்கு நிறைவாக இருந்தது. அனுப்பினேன்.

பராமரிப்பவரின் பதில் மறுநாள் வந்தது. எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கோப்பில் அநேகமாக எல்லா வரிகளும் மாறியதாகக் காட்டுகிறது, இதில் உண்மையான மாற்றம் எது என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, தேவையானதை மட்டும் அனுப்பவும் என்றிருந்தார். படித்துக் காட்டினேன்.

“எல்லா வரியுமா? நாம பத்துப் பதினஞ்சு வரிதான மாத்துனோம்?”

நேர்செய்ததைச் சொன்னேன்.

“என்ன செஞ்சீங்க?”

“கோணலா இருந்துச்சும்மா.”

“வரைவாளர் ஐயா,” என்றாள், “ஒருத்தன் வீட்டுல ஒரு சன்னல் வைக்கக் கேட்டா, நீங்க அவன் வீட்டையே இடிச்சு வெள்ளையடிச்சுக் குடுத்திருக்கீங்க. அவன் சன்னல் எங்கன்னு தேடுறான்.”

“சரி, திருப்பிக் கோணலாக்கிடுறேன்.”

“பாத்து. பழைய கோணலா இருக்கணும். புதுக் கோணல் போட்டுராதீங்க.”

அதுதான் அந்த நாட்களில் நாங்கள் கடைசியாகச் சிரித்த சிரிப்பு என்று நினைக்கிறேன். இரண்டாவது முறை தேவையான வரிகளை மட்டும் அனுப்பினோம். இந்தத் தடவை பதில் வரத் தாமதமானது. அதற்குள் பழைய பதிப்பு நின்றுபோனது. பகலில் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவசர வேலை வந்தால், அவள் பட்டையின் இரைச்சலுக்குள் காதை வைத்து ஊகித்து வேலை செய்தாள். ஒரு நாள் ஊகம் தவறியது. கோப்புகள் பாதி போனதும் கருவி நின்றிருக்கிறது. முழுவதும் போய்விட்டது என்று இவள் தகவல் கொடுத்துவிட்டாள். அவளுடைய குழுத் தலைவர் கூப்பிட்டார். இளைஞர். கோபிக்கவில்லை. மேடம், நீங்க இப்படிப் பண்றவங்க இல்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நெட் ஸ்லோ என்றாள். மாலையில் நான் செருப்பைக் கழற்றும்போதே அதைச் சொன்னாள். “கத்தியிருந்தாகூடப் பரவால்லங்க. உடம்பு சரியில்லையான்னு கேக்குறான்.”

பராமரிப்பவரின் பதில் கடைசியில் வந்தது. மாற்றம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புது வசதியும் காலம் முழுக்கப் பராமரிக்க வேண்டிய சுமை. ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துகிறவர்களுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் பயன்படுத்துகிறவரா? இல்லையென்றால், இந்தக் கருவியை உண்மையிலேயே அப்படிப் பயன்படுத்துகிற ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்து, தேவைதான் என்று சொல்ல முடியுமா?

நியாயமான கேள்விதான். எனக்கு ஆத்திரம் வந்தது.

“எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பயன்படுத்துறாங்கன்னு எழுதிருவோம்” என்றேன்.

“யாரு அந்தத் தெரிஞ்சவங்க?”

“நீதான்.”

“அப்ப நான் சொல்றேன்.”

“ஒம் பேருலயா? வேணாம்மா. வேற ஒரு கணக்கு தொறந்து எழுதலாம்.”

“இன்னைக்குத் தொறந்த கணக்குல இருந்து ஒருத்தி வந்து, எனக்குக் கண்ணு தெரியாது, இதச் சேத்துக்கங்கன்னு சொன்னா நம்புவானா? நீங்களே ரெண்டு வேசம் போடுறீங்கன்னு நினைப்பான்.”

“ஆபீஸ்ல பாத்துட்டா?”

“பாக்கட்டும். எம்புட்டு நாளைக்கு நெட் ஸ்லோ? திண்டுக்கல்லுல நெட்டே இல்லைன்னு நினைச்சிருப்பாய்ங்க இந்நேரம். இதச் சேத்துட்டா நான் பழையபடி வேலை பாப்பேன். வேலை ஒழுங்கா நடந்தா எவன் கண்ணைப் பத்திக் கேக்கப் போறான்? இதச் சேக்கலைன்னா எப்பிடியும் ரெண்டு மாசத்துல அவனே அனுப்பிருவான்.”

அவள் தன் கணக்கில், தன் கையாலேயே தட்டச்சு செய்தாள். ஆங்கிலத்தில் ஐந்தே வாக்கியங்கள். நான் பார்வையற்றவள். இந்தக் கருவியை என் வேலைக்காக நாள்தோறும் பயன்படுத்துகிறேன். புதிய பதிப்பு வந்தபிறகு என் கணவர் பக்கத்தில் அமர்ந்து திரையைப் படித்துச் சொன்னால்தான் என்னால் வேலையை முடிக்க முடிகிறது. இந்த மாற்றத்தைச் சோதித்துப் பார்த்தேன். இதில் எனக்கு அவர் தேவைப்படவில்லை.

எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்றாள். பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. கடைசி வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அனுப்பினாள்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. பராமரிப்பவர் நன்றி சொல்லி, இதை முன்பே யோசிக்காததற்கு வருத்தம் தெரிவித்தார். முகம் தெரியாத வேறு இருவர், தங்களுக்கும் இதே தொல்லைதான் என்று கீழே எழுதினார்கள். திருத்தம் சேர்க்கப்பட்டது. அடுத்த பதிப்பின் குறிப்பில் ஒரே ஒரு வரியாக அது இடம்பெற்றது; பக்கத்தில் என் பெயர். அவளிடம் படித்துக் காட்டினேன். “உங்க பேரா? அடிச்சது நீங்க, சரிதான்” என்றாள். முகத்தில் வெளிச்சம் இருந்தது. அன்று இட்லிக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம் வைத்தாள்.

குழுத் தலைவரின் அழைப்பு அந்த வாரத்திலேயே வந்தது. நான் கிளம்பத் தயாராக இருந்தேன். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். தொலைபேசியை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். காதில் வைத்துப் பேசும் பழக்கம் அவளுக்குப் போய்விட்டது.

“மேடம், நீங்க எழுதினதைப் பாத்தோம். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கண்ணு விஷயம் ஒரு பிரச்சினையே இல்லை. முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்போம்.”

“சரிங்க சார்.” அவள் விரல்கள் மேசை விளிம்பை விட்டன. அந்த ஒரு நொடி நானும் மூச்சு விட்டேன்.

“ஆனா அதுல, உங்க ஹஸ்பெண்ட் ஸ்க்ரீனைப் படிச்சுச் சொல்றார்னு இருக்கு. அது நம்ம கிளையண்ட் ஸ்க்ரீனா மேடம்?”

“வேற எந்த ஸ்க்ரீன் சார் எங்கிட்ட இருக்கு?”

“எப்பல இருந்து?”

“புது வெர்ஷன் வந்ததுல இருந்துதான்.”

“வெளியாள் யாரும் பாக்கக்கூடாதுன்னு சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“வெளியாள் யாரும் பாக்கலையே சார். எங்க வீட்டுக்காரர்தான.”

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: “இப்பவும் சார் பக்கத்துல இருக்காரா?”

அவள் என் பக்கம் திரும்பினாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“இருக்கார்” என்றாள்.

நானும் வெளியாள்தான் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை என்பதைப் பிறகு பலமுறை பேசியிருக்கிறோம். என் வங்கி அட்டையின் எண் அவளுக்குத் தெரியும். அவள் செல்பேசியை நான்தான் திறப்பேன். வீட்டுக்கு வரும் கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் முதலில் கையில் கிடைத்தவர் பிரிப்போம். வெளியாள் என்றால் வாசலில் நின்று ‘சார்’ என்று கூப்பிடுகிறவர். அந்த ஐந்து வாக்கியங்களை நான் எத்தனை முறை படித்தேன். காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். கண் தெரியாதது வெளியே தெரிந்துவிடுமே என்று முதல் வாக்கியத்துக்குப் பயந்தோம். மூன்றாவது வாக்கியத்தில் நான் இருந்தேன்; என்னை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அவர் நல்லவர்தான். மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசியும் பார்த்திருப்பார். கடிதம் வந்தது. அதில் பார்வையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாடிக்கையாளரின் தகவல் அனுமதியில்லாத நபருக்குக் காட்டப்பட்டது என்றிருந்தது. அதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ‘அனுமதியில்லாத நபர்’ என்ற இடத்தில் என் குரல் நின்றது. “மேல படிங்க” என்றாள்.

மடிக்கணினியை எடுத்துப்போகக் கூரியர்காரர் வந்தார். அவள் அதைத் துடைத்து, மின்வடத்தைச் சுருட்டி, பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். திருத்தம் சேர்ந்த பதிப்பை அவள் அதில் நிறுவவே இல்லை. நிறுவ அனுமதி அதற்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தது.

அக்கா கேள்விப்பட்டு வந்தாள். “நல்லதாப் போச்சு. இனியாவது உக்காந்து சாப்பிடு” என்றாள். இவள் அதற்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. அக்காவே திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

அதன்பின் வேறு வேலைகளுக்கு விண்ணப்பித்தாள். இப்போது முதல் வரியிலேயே பார்வை இல்லை என்று போட்டுவிடுகிறாள். பெரும்பாலானவற்றுக்குப் பதில் வருவதில்லை. ஒரு நிறுவனம் மட்டும் இணையவழித் தேர்வு எழுதச் சொன்னது. புதிதாக வாங்கிய கணினியில், காலை நேரத்தில். எனக்கு அன்று விடுப்பு. தேர்வுக்கு முன் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, நீங்க வெளிய இருங்க.”

“இங்க ஓரமா உக்காந்திருக்கேன். வாயத் தொறக்க மாட்டேன்.”

“வேணாம். அறையில யாரும் இல்லைன்னு ஒரு கட்டத்துல டிக் பண்ணச் சொல்லும். நான் பொய்யா டிக் பண்ண மாட்டேன்.”

நான் வெளியே வந்தேன். அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். தாழ் போடும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் பகலில் அந்த அறைக்கு யாரும் தாழ் போட்டதில்லை. முன்னறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே கணினி பேசுவது மங்கலாகக் கேட்டது. அது பேசும், நிற்கும், விசைகள் வேகமாகத் தட்டப்படும். கேள்வியும் பதிலும் சீராக நடந்துகொண்டிருந்தன. நன்றாகப் போகிறது என்று அந்தச் சீரிலிருந்தே தெரிந்தது. பிறகு கணினி ஒரு சொல்லைச் சொன்னது. மறுபடி அதையே சொன்னது. இன்னொரு முறை. விசைகளின் சத்தம் வரவில்லை. நான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன். தட்டலாமா என்று கையைத் தூக்கினேன். தட்டவில்லை.

வெகுநேரம் கழித்துத் தாழ் திறந்தது.

“என்ன ஆச்சும்மா?”

“எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில, நீங்க மனுசர்தானான்னு சோதிக்க ஒரு படம் வந்துச்சு. ‘இமேஜ்’னு மட்டும் சொல்லுது. அதுல என்ன இருக்குன்னு சொல்லல. அதுல எத்தனை இருக்குன்னு போட்டாத்தான் அனுப்ப முடியும். நேரம் முடிஞ்சிருச்சு.”

“என்னைய ஒரு கொரல் கூப்பிட்டிருக்கலாம்ல. ஒத்த வார்த்தையில சொல்லியிருப்பேனே.”

“சொல்லியிருப்பீங்க” என்றாள்.

என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். அரிசி களையும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். திரையில் நேரம் முடிந்துவிட்டது என்ற வரி இருந்தது. அதற்கு மேலே அந்தப் படம் அப்படியே நின்றது. ஒரு மேசை, அதன்மேல் மூன்று ஆப்பிள்கள்.